வண்டி வருவதற்கு முன் ஒரு கணக்கு

முன்பணம் கட்டி நான்கு மாதமாகிறது. நான் பதிந்திருக்கும் சுசுகி ஜிம்னி இன்னும் கைக்கு வரவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. இந்த வண்டி 2018இல் ஜப்பானில் வெளிவந்தபோதே ஓர் ஆண்டுக்கு மேல் காத்திருந்து வாங்கியவர்கள் உண்டு. காத்திருந்த நான்கு மாதத்தில் நான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கு என் பையில் கிட்டத்தட்ட ஆறாயிரம் ரிங்கிட்டை மிச்சப்படுத்தியிருக்கிறது. பணத்தைவிடப் பெரிய ஒன்றையும் மிச்சப்படுத்தியிருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

செய்தி எப்படியோ வகுப்பில் கசிந்துவிட்டது. ஒரு நாள் நான்காம் படிவ வகுப்புக்குள் நுழைந்தால், வெண்பலகையில் நான் என்னென்ன பொருத்த வேண்டும் என்று பட்டியல் தயாராக இருக்கிறது. ஸ்னோர்கல். முன்பக்கத்துக்கு இரும்பு புல் பார். கூரைத் தாங்கி. அதன்மேல் விரித்துப் படுக்கும் கூடாரம். பெரிய டயர். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட். வின்ச். கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்குப் பட்டை. "டீச்சர், ஸ்னோர்கல் போட்டாதான் டீச்சர் கெத்து" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன்.

நான் சிரித்தேன். ஆனால் என் கைப்பேசியிலும் ஏறத்தாழ அதே பட்டியல்தான் இருந்தது. இரவில் தூக்கம் வராதபோது அதில் ஒன்றைச் சேர்ப்பேன், ஒன்றை அழிப்பேன். இப்போது அதில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டேன். மலையும் காடும் ஏறும் வண்டிக்கு என்று கடைகளில் விற்கும் துணைப் பொருள்களில் பாதிக்கு மேல், நம்மைப் போன்ற சாதாரண ஓட்டுநரின் வண்டியைக் கெடுக்கவே செய்யும் என்பது என் கருத்து. அதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. நீங்கள் நான்காம், ஐந்தாம் படிவத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் இயற்பியலே போதும்.

முதலில் நான் ஏன் இந்த வண்டியைப் பதிந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஜொகூரில், சிகாமட் பக்கம் தனியாக இருக்கிறார். தோட்டத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பின் தோட்டத்தை ஒட்டிய சிறிய நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு, நான்கு ஏக்கர் செம்பனையைப் பார்த்துக்கொள்கிறார். அந்த வீட்டுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. நடுவில் ஒரு சிற்றாறு, அதன்மேல் தாழ்வான ஒரு பாலம். 2023 மார்ச்சில் ஜொகூரை வெள்ளம் புரட்டிப் போட்டதே, அப்போது அந்தப் பாலம் மூன்று நாள் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. நான் என் சிறிய காரோடு தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். பட்டியலில் முதலில் எழுதியதும் ஸ்னோர்கல்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். எளிய கூட்டல் கழித்தலில் தொடங்கலாம்.

ஜிம்னியின் எடை சுமார் 1,100 கிலோ. ஆளும் சுமையும் சேர்த்து அது தாங்கக்கூடிய மொத்த எடை 1,435 கிலோ. கழித்தால் மிச்சம் 335 கிலோ. நான், அப்பா, அக்கா, அத்தான் என்று நான்கு பெரியவர்கள் ஏறினால், ஆளுக்கு 70 கிலோ வைத்து 280 கிலோ போய்விடும். மீதி 55. புல் பார் ஒன்று 40 கிலோ இருக்கலாம். வின்ச் 25. கூரைத் தாங்கி 25. கூரைக் கூடாரம் 50. மொத்தம் 140 கிலோ. அதாவது ஒரு பெட்டிகூட ஏற்றாமலேயே வரம்பைத் தாண்டிவிட்டோம்! பிரேக், ஸ்பிரிங், டயர் எல்லாம் அந்த 1,435 என்ற எண்ணை மனத்தில் வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. சம்பளம் வந்த அன்றே முழுவதையும் செலவழிக்கும் குடும்பத்தைப் போல, வண்டி வீட்டுக்கு வந்த முதல் நாளே அதன் கொள்ளளவைத் தீர்த்துவிடுகிறோம். கடையில் எந்தப் பொருளைக் கேட்டாலும் விலையைச் சொல்கிறார்கள். எடையை நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். சிலர் கேட்டாலும் விழிக்கிறார்கள்.

அடுத்தது உயரம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டே போனால், அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே இழுத்த கோடு அடிப்பகுதியைவிட்டு வெளியே போகும் கணத்தில் அது கவிழும். வண்டிக்கும் அதே விதிதான். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது கவிழும் கோணத்தின் டேன்ஜெண்ட். ஜிம்னியின் சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ 1.4 மீட்டர், பாதி 0.70. ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் கணக்கின் வசதிக்காக 0.70 மீட்டர் என்றே எடுத்துக்கொள்வோம். விடை 1. கோணம் 45 பாகை.

இப்போது தரையிலிருந்து 1.85 மீட்டர் உயரத்தில், கூரைமேல், தாங்கியும் கூடாரமுமாக 75 கிலோவை வைக்கிறோம். 1,100ஐ 0.70ஆல் பெருக்குங்கள், 75ஐ 1.85ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி 1,175ஆல் வகுங்கள். ஈர்ப்பு மையம் 0.77 மீட்டருக்கு ஏறிவிட்டது. கோணம் 42 பாகை. இதோடு லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் போட்டு வண்டியை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் 0.82 மீட்டர், கோணம் ஏறத்தாழ 40. (லிஃப்ட் கிட் அச்சையும் சக்கரத்தையும் உயர்த்தாது, உடலை மட்டுமே உயர்த்தும் என்று யாராவது கை தூக்குவீர்கள். சரிதான். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

ஐந்து பாகைதானே என்று தோன்றும். ஆனால் அதே விகிதத்தை வேறு விதமாகப் பாருங்கள். கேமரன் மலைக்கு ஏறும் சாலையைப் போல ஒரு வளைவில் வேகமாகத் திரும்பினால் வண்டிக்கு இரண்டு ஆபத்து உண்டு: ஒன்று வழுக்குவது, மற்றொன்று கவிழ்வது. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழு நம் விகிதத்தைவிடக் குறைவாக இருந்தால், கவிழ்வதற்கு முன் வண்டி வழுக்கிவிடும். வழுக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். காய்ந்த தார்ச்சாலையில் அந்தக் கெழு 0.7 முதல் 0.9 வரை இருக்கும். வெறும் வண்டியின் விகிதம் 1. வழுக்குவதுதான் முதலில் நடக்கும். எல்லாம் பொருத்திய வண்டியின் விகிதம் 0.85. இனி எது முதலில் நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்பிரிங்கும் டயரும் வளைந்து கொடுப்பதால் உண்மையான வண்டியின் நிலை நம் கணக்கைவிட மோசமாகவே இருக்கும். கூடாரத்தை அன்றே அழித்தேன். தூங்குவதற்கு அப்பா வீட்டில் திண்ணை இருக்கிறது.

டயரைப் பற்றி மாணவர்களுக்குள் ஒரு பெரிய நம்பிக்கை: பெரிது என்றால் உயரம். ஜிம்னியில் வரும் டயர் 195/80 ஆர் 15. இந்த எண்ணைப் படிக்கத் தெரியுமா? அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 156 மில்லிமீட்டர். உள்வளையம் 15 அங்குலம், 381 மில்லிமீட்டர். இரண்டு பக்கச் சுவரும் உள்வளையமும் சேர்த்தால் விட்டம் 693 மில்லிமீட்டர். பையன்கள் சொன்னது 235/75 ஆர் 15. அதன் விட்டம் ஏறத்தாழ 733. கூடியது 40 மில்லிமீட்டர். ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, வெறும் 20 மில்லிமீட்டர். இரண்டு விரல் அகலம்கூட இல்லை! அதற்குக் கொடுக்கும் விலை என்ன? டயர் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் கிட்டத்தட்ட 6 விழுக்காடு கூடுகிறது. அளவி 110 காட்டும்போது வண்டி, முன்பு அதே 110இல் ஓடியதைவிட 6 விழுக்காடு வேகமாக ஓடும். முறுக்கு விசை அதேதான், ஆரம் கூடிவிட்டது, ஆகவே தரையைத் தள்ளும் விசை அதே அளவு குறையும். ஏற்கெனவே 1.5 லிட்டர் இயந்திரம், அது பாவம்.

சேற்றில் உண்மையாகவே கைகொடுப்பது டயரின் அளவைவிட டயரிலுள்ள காற்று. பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கும்போது 180, 200 என்று எண்ணை அழுத்துகிறோமே, அது கிலோபாஸ்கல். 1,100 கிலோ வண்டியில் ஒரு டயருக்கு 275 கிலோ, அதாவது சுமார் 2,700 நியூட்டன். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. 180 கிலோபாஸ்கலில் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர். காற்றை 110க்கு இறக்கினால் அது 245 ஆகிறது. டயரின் சுவரும் கொஞ்சம் தாங்குவதால் எண் அப்படியே வராது. ஆனாலும் சேற்றில் புதையும் சக்கரத்துக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. இதற்கு ஆகும் செலவு, காற்றழுத்த அளவி ஒன்றும் வண்டி பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றும்தான். பம்பு ஏன் கட்டாயம் என்றால், தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கும்.

புல் பார் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வண்டியின் முன்பகுதி நசுங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. நசுங்கும் தூரம் பாதியானால் உள்ளே இருப்பவர்மேல் வரும் சராசரி விசை இரண்டு மடங்கு. மோதியவுடன் காற்றுப்பையை விரிக்கும் உணர்விகளும் அந்த நசுங்கலைக் கணக்கிட்டே அமைக்கப்பட்டவை. நடந்து போகிறவர்மேல் அந்த இரும்பு பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005லேயே இத்தகைய தடுப்புகளுக்கு விதி போட்டுவிட்டது. நம் நாட்டிலும் வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு முன் ஜே.பி.ஜே.யிடம் அனுமதி கேட்க வேண்டும். கடைக்காரர் "எல்லாரும் போடுறாங்க" என்று சொல்வது அனுமதி ஆகாது. விளக்குப் பட்டையையும் இதே காரணத்தால் விட்டுவிட்டேன். எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைத்து நான் எதைப் பார்க்கப் போகிறேன்?

இனி ஸ்னோர்கல். கணக்குப் புத்தகத்தில் நான் அதிக நேரம் உட்கார்ந்தது இந்தப் பக்கத்தில்தான். மற்றதெல்லாம் எனக்கு ஆசை. இது மட்டும் தேவை என்று நினைத்திருந்தேன்.

ஸ்னோர்கல் செய்யும் வேலை நல்ல வேலைதான். 1.5 லிட்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 1.5 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 1,500 லிட்டர். காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுத்துவிட்டால் கதை முடிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலேறும் பிஸ்டன் சுவரில் மோதியதுபோல் நிற்கும், அதைத் தாங்கும் தண்டு வளையும். ஸ்னோர்கல் காற்றுக் குழாயின் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோய் இதைத் தடுக்கிறது. புழுதிப் பாதையில் சற்றுச் சுத்தமான காற்றும் கிடைக்கும். ஆக, இயந்திரம் மூச்சுத் திணறாது.

ஆனால் வண்டி மிதக்குமே!

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை ஐந்தாம் படிவத்தில் படிக்கிறீர்கள். ஜிம்னியின் அடித்தளத்தை 3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 4.2 சதுர மீட்டர். அடித்தளத்துக்கு மேல் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறினால் அது ஒதுக்கும் நீர் 0.42 கன மீட்டர், அதாவது 420 கிலோ. சக்கரத்தை அழுத்தும் எடையிலிருந்து அந்த 420 கிலோ காணாமல் போகிறது. 15 சென்டிமீட்டர் ஏறினால் 630 கிலோ போகும், 470தான் மீதி. 26 சென்டிமீட்டரில் ஒன்றுமே மீதி இல்லை. உள்ளே தண்ணீர் கசிந்து நிறையும்வரை அது ஒரு படகு, துடுப்பு இல்லாத படகு. நான்கு சக்கரமும் இழுத்து என்ன பயன்? சக்கரம் தரையைத் தொட்டால்தானே இழுக்கும்.

ஓடும் தண்ணீரின் விசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதமிருக்கும் 470 கிலோ என்பது 4,700 நியூட்டன். சேறு படிந்த பாலத்தில் உராய்வுக் கெழு 0.4 என்றால், வண்டியைப் பிடித்து நிறுத்தும் விசை 1,880 நியூட்டன். பக்கவாட்டில் ஒரு சதுர மீட்டரில் தண்ணீர் மோதுகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அது தள்ளும் விசை சுமார் 500 நியூட்டன். பரவாயில்லை, தாங்கலாம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு: 2,000 நியூட்டன். வண்டி பாலத்தைவிட்டு ஆற்றுக்குள் போகும். நொடிக்கு 2 மீட்டர் என்பது ஒரு மனிதர் மெதுவாக ஓடும் வேகம்தான். அந்த மார்ச் மாதம் அப்பாவின் சிற்றாறு அதைவிட வேகமாக ஓடியது என்று நினைக்கிறேன். ஒரு செம்பனை மட்டை என் கண் முன்னால் போன வேகம் இன்னும் நினைவிருக்கிறது.

தயாரிப்பாளர் இந்த வண்டிக்குச் சொல்லும் நீராழம் 30 சென்டிமீட்டர். முழங்காலுக்கும் கீழே. அதற்குள் என்றால் ஸ்னோர்கல் இல்லாமலே போகலாம். அதற்கு மேல் என்றால் ஸ்னோர்கல் இருந்தாலும் போகக் கூடாது. அப்படியானால் நான் அதை எதற்கு வாங்க நினைத்தேன்? யோசித்துப் பார்த்தால், தைரியத்துக்காக. கூரைவரை நீண்ட குழாய் ஒன்று பக்கத்தில் தெரிந்தால், அன்றைக்கு அந்தத் தண்ணீர் ஓரத்தில் நின்றதுபோல் நான் நின்றிருக்க மாட்டேன். இறங்கியிருப்பேன். என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

இந்தக் கணக்கை அப்பாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். நியூட்டன், கெழு எல்லாம் அவருக்கு வேண்டாம். "ஏம்மா, பழம் ஏத்தின லோரியே தண்ணியில நகந்து போனத நான் பாத்திருக்கேன். ஒன் ஜீப்பு எந்த மூலைக்கு?" என்றார். இதை முதலிலேயே அவரிடம் கேட்டிருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் மிச்சமாகியிருக்கும்.

எல்லாத் துணைப் பொருளும் வீண் என்று நான் சொல்லவில்லை. வாரா வாரம் காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு, இரண்டு மூன்று வண்டிகளாகப் போகிறவர்களுக்கு, வின்ச் உயிர்காக்கும் கருவி. தேவை உள்ளவர் எடையைக் கணக்கிட்டு, அனுமதி பெற்றுப் பொருத்தட்டும். என் பட்டியலில் இப்போது இருப்பவை: காற்றழுத்த அளவி, காற்றுப் பம்பு, புதைந்த வண்டியை இன்னொரு வண்டி இழுக்க உதவும் அகலமான பட்டை ஒன்று, சிறிய மண்வெட்டி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. எல்லாம் சேர்த்து 15 கிலோவுக்குள். 55இல் 15 போனால் மீதி 40 கிலோ. அப்பா எப்போது போனாலும் கட்டிக்கொடுக்கும் வாழைத்தாருக்கும் மரவள்ளிக்கும் இடம் இருக்கிறது.

இன்னொரு பொருளும் உண்டு, அது வண்டியில் ஏறாது. போன பள்ளி விடுமுறையில் நானும் அப்பாவும் ஒரு வெள்ளை பி.வி.சி. குழாயை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனோம். பாலத்துத் தரையைப் பூஜ்யமாக வைத்து 10 சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு வரைந்தேன். 30இல் சிவப்புப் பட்டை. பாலத்தின் ஓரக் கம்பத்தோடு சேர்த்து இரண்டு பக்கமும் கம்பியால் இறுக்கிக் கட்டினார் அப்பா. மழை பெய்தால் காலையில் அவர் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறோம். டிசம்பரில் தண்ணீர் இரண்டாவது கோட்டைத் தொட்டால், நான் உள்ளே வருவது இல்லை, அவர் அதற்குள் வெளியே வந்து என் வீட்டில் தங்குவது என்று பேச்சு. அவர் இன்னும் முழு மனத்தோடு ஒத்துக்கொள்ளவில்லை. கோழிகளை யார் பார்ப்பது என்கிறார்.